இடது முன் சில்லு

பதினொரு பாடம்.
பதினொன்றிலும் ஒரே வழக்கு.
"ஸ்டியறிங்கை இடப்பக்கம் இழுக்காதீங்க."
"நான் இழுக்கல்ல சேர். அதுவாத்தான் போகுது."
கல்லடிப் பாலம் தாண்டி
நாவலடி றோட்டுக்குள் இறங்கும்போதெல்லாம்
யோகமலரின் தோள்மூட்டைப் பார்த்தேன்.
பயம்தான் கையை இழுக்கும் என்று
எங்கோ கேட்டதை என்னுடையதாகச் சொன்னேன்.

ஐம்பத்திரண்டு வயது. இருபது வருடமாக
ஆஸ்பத்திரி வாசலுக்குச் சோற்றுப் பார்சல் கொடுக்கிறவர்.
நாற்பது முட்டையை ஒரே பானையில் அவித்து
ஒன்றும் வெடிக்காமல் இறக்குகிற கை.
அந்தக் கைக்கு நான்
நடுக்கம் என்று பெயர் வைத்தேன்.

ட்ரயலில் பிரேக்கில் கால் வைத்ததும்
கார் ஒரு பக்கமாய்ச் சாய்ந்து போய்
இடப்பக்கக் கம்பத்தைத் தட்டி விழுத்தியது.
பரிசோதகர் பேனையை மூடினார்.

திரும்பி வரும்வரை அவர் பேசவில்லை.
இறங்கி, கதவைச் சாத்தாமல் குனிந்து
மூக்கைச் சுளித்தார்.
"என்னமோ கருகுது சேர்.
அடிப்பிடிச்ச மணம் எனக்குத் தெரியும்."

நாலு சில்லுக்கும் தண்ணீர் தெளித்தேன்.
மூன்று நனைந்தன.
ஒன்று சீறியது.

அதன் பிறகுதான் விசாரணை.
டயரில் காற்று நான்கிலும் சமம். குற்றமில்லை.
ஜக்கில் ஏற்றிக் கையால் சுற்றினால்
வலது சில்லு தன்பாட்டில் சுற்றி ஓய்ந்தது,
இடது அரைச் சுற்றுக்கே முனகியது.
ஹோஸ் உள்ளே வீங்கி அடைத்திருக்குமோ என்று
நிப்பிளைக் கால் திருகு தளர்த்தினேன்.
ஒயில் வழிந்தது, தேயிலைச் சாயமாய்.
சில்லு விடவில்லை.
ஹோஸிலும் குற்றமில்லை.
கலிப்பர் வழுக்குகிற ஊசி இரண்டும்
கிறீஸ் காயாமல் மினுங்கின.
உள் பாட் மட்டும் தகடுவரை தேய்ந்திருந்தது.
ரப்பர் உறை கிழிந்து
பிஸ்டன் கழுத்தைச் சுற்றிக் கறள்.
கிளாம்ப் போட்டு முறுக்கினேன்.
வெளியே வந்த பிஸ்டன் உள்ளே போக மாட்டேன் என்றது.

கடல் ஒரு பக்கம், வாவி ஒரு பக்கம்.
நடுவில் நிற்கிற இரும்புக்கு
வேறென்ன வரும்?

பஞ்சிகாவத்தையிலிருந்து இரவு பஸ்ஸில்
பழைய பேப்பர் சுற்றி ஒரு கலிப்பர் வந்தது.
வலப்பக்கத்துக் கலிப்பர்.
பிடித்துப் பார்த்தால் நிப்பிள் கீழே நிற்கிறது,
காற்றோ மேலேதான் போகும்.
திருப்பி அனுப்பினேன்.
பாடமில்லாத இன்னும் இரண்டு நாள்.
எல் பலகையில் ஒரு காகம் இருந்து பார்த்தது.

சரியானது வந்த காலையில்
கட்டிய காசைத் திருப்பிக் கேட்க யோகமலர் வந்தார்.
நான் காருக்கடியில் கிடந்தேன்.
செப்பு வாசர் புதிது, போல்ட் இறுக்கியாயிற்று,
காற்றை எடுக்க ஒரு கால் தேவை.
"கொஞ்சம் ஏறி இருப்பீங்களா?"

மிதிங்க.
அமத்திப் பிடிங்க. விடாதீங்க.
ம், இப்ப விடுங்க.

பதினொரு பாடமும் சொன்ன அதே சொற்கள்.
இன்று அவர் கால் இல்லாமல்
எனக்கு வேலை ஓடாது.
குழாய்க்குள் குமிழ் குமிழாய்
ஏதோ போத்தலுக்கு இறங்கியது.

"என்ன சேர் வருகுது?"
"காற்று."
"அப்ப இவ்வளவு நாளும் காத்துத்தான் இழுத்ததா?"
"இல்ல, இது இப்ப கழட்டக்குள்ள பூந்தது.
அப்ப இழுத்தது..."

காருக்கடியில் கிடந்து பேசுவது லேசு.
முகம் தெரியாது.
"அப்ப இழுத்தது நீங்க இல்ல."

மேலே சீற் ஒருமுறை கிறீச்சிட்டது.
பிறகு குரல்:
"இன்னொருக்கா மிதிக்கட்டா?"

நாவலடி றோட்டில், ஆளில்லாத நேர் துண்டில்,
இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு
பிரேக்கை அழுத்தினார்.
நான் கதவைப் பிடித்தேன்.
கார் நேரே நின்றது.

இறங்கிப் போய், தன் தண்ணீர்ப் போத்தலைத் திறந்து
இடது முன் சில்லுக்குத் தெளித்தார்.
நனைவதைக் குனிந்து நின்று பார்த்தார்,
சோறு பதம் பார்ப்பதுபோல.

"அடுத்த ட்ரயல் காசு நான் கட்டுறன்" என்றேன்.

"சரி" என்றார், மூடியைத் திருகிக்கொண்டே.
"மறுகா, அந்தப் பதினொரு பாடம்?"